வில்லின் எடையைத் திரை காட்டாது

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பிள்ளைக்குச் செல்லோ என்ற மேற்கத்திய வில்வாத்தியம் வாசிக்க ஆசை வந்தால் என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். பென்னாகரமானாலும் அரூரானாலும் பாலக்கோடானாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: கையில் போன் இருக்கிறது, அதில் உலகத்துப் பெரிய வித்வான்களெல்லாம் வரிசைகட்டி நிற்கிறார்கள், பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதானே. இப்படிச் சொல்பவர்கள் இசையை மதிக்காதவர்கள் அல்லர். குருவின் மேல் பக்தி உள்ளவர்களும் இதையே வேறு விதமாகச் சொல்கிறார்கள். வில்லைப் பிடிப்பது, விரலை வைப்பது, உட்காரும் முறை ஆகியவை வெறும் கைவேலை, அவற்றை வீடியோ பார்த்தே தெரிந்துகொள்ளலாம்; குரு தேவைப்படுவது அதற்கு மேலே இருக்கிற பாவத்துக்கும் ஞானத்துக்கும்தான் என்பது அவர்கள் கட்சி. பெற்றோர், பள்ளி ஆசிரியர், மேடைக் கலைஞர் என்று பலரும் ஏற்றுக்கொண்டுவிட்ட இந்தப் பங்கீடு தலைகீழானது என்பதே என் வாதம். பாவத்தின் பெரும்பகுதியைப் பதிவுகளிலிருந்து எடுத்துக்கொள்ள முடியும். நம் கலைஞர்கள் நூறாண்டாக எடுத்துக்கொண்டும் வந்திருக்கிறார்கள். அப்படி எடுத்துக்கொள்ள முடியாதது நுட்பம்தான். அது ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போய்ச் சேர வேண்டியது. இந்தத் தவறான பங்கீட்டால் பெருநகரத்துப் பிள்ளைக்கு நட்டம் ஒன்றுமில்லை. தர்மபுரிப் பிள்ளைக்குத்தான் நட்டம்.

செல்லோவில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வில்லில் கட்டிய மயிரில் ரோசின் என்ற பிசின் தடவியிருக்கிறது. அந்த மயிர் தந்தியைப் பற்றி ஒரு பக்கமாக இழுத்துப் போகிறது. ஒரு கட்டத்தில் தந்தி நழுவித் திரும்புகிறது. உடனே மறுபடியும் பிடிபடுகிறது. செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தியில் இந்தப் பற்றலும் நழுவலும் விநாடிக்கு ஏறத்தாழ 65 முறை நடக்கின்றன. மிக உயர்ந்த தந்தியில் 220 முறை. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளியிட்ட நூலில் தந்தியின் இந்த அசைவை விளக்கினார். அதை முறையான இயக்கவியலாக வளர்த்தவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். ஒளிச்சிதறலுக்காக நோபல் பரிசு வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் கல்கத்தாவில் வில்வாத்தியங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1916இல் செல்லோவில் சில இடங்களில் சுரம் நிலைகொள்ளாமல் உறுமுவது ஏன் என்று ஆராய்ந்து எழுதினார். 1918இல் வில்லால் இழுக்கப்படும் தந்திகளின் அதிர்வைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பிறகு ஒரு இயந்திரம் கட்டினார். அதில் வில் அசையாமல் நிற்கும், வயலின்தான் முன்னும் பின்னும் ஓடும். இத்தனை சிரமம் எதற்கென்றால், வேகம், அழுத்தம், தந்தியைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து வில் விழும் தூரம் என்ற மூன்றையும் தனித்தனியே பிடித்து அளக்க வேண்டியிருந்தது. வாசிக்கும் கையில் இந்த மூன்றும் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று மாறினால் மற்ற இரண்டும் கூடவே மாறும்.

ராமன் தொட்ட இடத்திலிருந்து ஷெல்லெங் என்ற அமெரிக்கப் பொறியாளர் மேலே போனார். அவர் தாமே ஆர்வத்துக்காகச் செல்லோ வாசித்தவர். 1973இல் அவர் எழுதிய கட்டுரை சொல்வது இது. குறிப்பிட்ட வேகத்துக்கும் தூரத்துக்கும் வில்லின் அழுத்தத்துக்கு ஒரு மேல்வரம்பு உண்டு, ஒரு கீழ்வரம்பும் உண்டு. கீழே போனால் தந்தி சரியாகப் பிடிபடாமல் மேலெழுந்தவாரியான கீச்சொலி வரும். மேலே போனால் நழுவ வேண்டிய நேரத்தில் தந்தி நழுவாமல் கரகரக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள சந்துதான் இசை வாழும் இடம். பிரிட்ஜை நெருங்க நெருங்க அந்தச் சந்து குறுகிக்கொண்டே போகிறது. செல்லோக்காரர்கள் பெரிதாகப் போற்றும் கனமான, உள்ளிருந்து வரும் நாதம் அங்கேதான் இருக்கிறது. இப்போது திரையைப் பாருங்கள். வில்லின் வேகம் கண்ணுக்குத் தெரியும். பிரிட்ஜிலிருந்து உள்ள தூரமும் நல்ல கோணத்தில் படம் எடுத்திருந்தால் ஓரளவு தெரியும். அழுத்தம் தெரியாது. எத்தனை உயர்ந்த கேமராவிலும் அது தெரியாது, ஏனென்றால் அது தோற்றமே இல்லாத ஒன்று. மூன்றில் ஒன்று மறைந்திருக்கும்போது மற்ற இரண்டைப் பார்த்துக் காப்பியடிப்பவர், தெரியாத அந்த ஒன்றைத் தம் உடம்புக்குத் தோன்றிய வழியில் நிரப்புகிறார். பழகாத உடம்புக்குத் தோன்றும் வழி இறுக்கிப் பிடிப்பதுதான்.

இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். செல்லோ வில் ஏறத்தாழ 80 கிராம். கைப்பிடிக்கு அருகில் வாசிக்கும்போது வில்லின் எடையும் கையின் எடையும் தாமாகவே தந்தியின் மேல் விழுகின்றன. நுனிக்குப் போகப் போக அந்த எடை தந்தியை எட்டுவதில்லை. ஆகவே ஒரே அளவு ஒலியில் வில்லை மேலிருந்து கீழ்வரை இழுக்க வேண்டுமென்றால், முன்கையைச் சிறிது உள்நோக்கித் திருப்பி, எடையை ஆள்காட்டி விரல் வழியாக வில்லுக்குள் இறக்கிக்கொண்டே போக வேண்டும். இது ஒரு கணத்தில் முடிகிற வேலை அன்று. வில் நகரும் நேரமெல்லாம் தொடர்ந்து மாறிக்கொண்டிருக்கும் வேலை. நல்ல செல்லோ ஆசிரியர் முதல் மாதத்தில் செய்வது என்ன? மாணவரின் முழங்கைக்குக் கீழே தம் உள்ளங்கையை வைத்து, ‘கையை என்னிடம் கொடுத்துவிடு’ என்கிறார். மாணவர் கொடுத்துவிட்டதாக நினைக்கிறார். ஆசிரியர் தம் கையைச் சட்டென்று விலக்கினால் மாணவரின் கை விழாமல் அந்தரத்தில் நிற்கிறது. தோள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிகிறது. அடுத்து வில்லுக்கு அடியில் மறைந்திருக்கும் கட்டைவிரலைத் தொட்டுப் பார்க்கிறார். அது வளைந்து தளர்ந்திருக்க வேண்டிய இடத்தில் நிமிர்ந்து விறைத்திருக்கிறது. பிறகு தாமே வில்லின் நுனியை இரு விரலால் பிடித்துக்கொண்டு, மாணவர் இழுக்க, தாமும் கூடவே போகிறார். எடை எங்கே இறங்குகிறது, எங்கே அறுந்துபோகிறது என்பது அவருடைய விரலுக்குத் தெரிகிறது. மருத்துவர் நாடி பார்ப்பது போன்ற காரியம் இது. மணிக்கட்டைப் படம் எடுத்து அனுப்பி நாடி பார்க்க முடியாது. இந்தப் பரிசோதனைகளில் கண்ணால் மட்டும் முடிகிற காரியம் ஒன்றுகூட இல்லை.

இடது கையிலும் இதே கதைதான். செல்லோவின் தந்தி ஏறத்தாழ 69 சென்டிமீட்டர், வயலினுக்கு 33. வயலினில் நான்கு விரல்கள் ஒரு மத்திமத் தூரத்தை எளிதில் எட்டும். செல்லோவில் முதல் இடத்தில் விரலுக்கு அரைச்சுரமாக நான்கு விரல்களும் பிடிக்கும் தூரம் அதைவிடக் குறைவு, விரித்துப் பிடித்தால்தான் இன்னும் ஒரு அரைச்சுரம் கிடைக்கும். வயலின் விரலமைப்பைச் செல்லோவில் அப்படியே கொண்டுபோய் வைக்க முடியாது என்பதை முறைப்படுத்தி எழுதியவர் பிரெஞ்சுக்காரர் ழான்-லூயி துய்ப்போர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அவருடைய நூலில்தான் இன்றைய செல்லோ விரலமைப்புக்கு அடித்தளம் இருக்கிறது. நம் ஊரில் கர்நாடக வயலின் நன்றாக வாசிக்கிற பிள்ளை செல்லோவைக் கையில் எடுத்தால் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. காது முன்னால் ஓடும், கை வராது. வராத கையை வரவழைக்க, கட்டைவிரலைக் கழுத்துக்குப் பின்னால் வைத்து நசுக்குவார்கள். சில வாரம் சரியாக இருப்பது போலத் தோன்றும். பிறகு வலி. வலி வந்த பிறகு அந்தப் பழக்கத்தைக் கழற்றுவது, பழக்கமே இல்லாதவருக்குப் புதிதாகச் சொல்லித்தருவதைவிடக் கடினம் என்பதை எந்த வாத்திய ஆசிரியரும் சொல்வார்.

பதிவுகளால் எதுவுமே வராது என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மாறாக, அவற்றால் நிறைய வரும் என்பதே என் வாதத்தின் மறுபாதி. தமிழ்நாட்டில் கேள்வி ஞானத்துக்கு இருக்கிற மதிப்பு வீண் மதிப்பன்று. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு, அவரை நேரில் பார்க்காத ஊர்களிலும் ராகத்தை விரிக்கும் போக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அந்தத் தட்டைக் கேட்டுத் தங்கள் ஆலாபனையை மாற்றிக்கொண்ட நாதசுரக்காரர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஊதத் தெரிந்தவர்கள். சீவாளியை உதடு எத்தனை இறுக்கத்தில் கவ்வ வேண்டும், மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் வீட்டிலோ கோயிலிலோ ஒரு பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டவர்கள். தர்மபுரி, சேலம் பக்கத்துத் தெருக்கூத்தில் முகவீணை வாசிப்பவரும் அப்படித்தான் தயாராகிறார். பாட்டு காதில் ஏறிவிடும், மூச்சு மட்டும் ஒருவர் பக்கத்தில் இருந்து திருத்தாமல் படியாது. கருவி கையில் படிந்தவருக்குப் பதிவு பெரிய வரம். படியாதவருக்கு அது ஆசையை மட்டும் வளர்த்துவிட்டு நடுவழியில் விட்டுவிடும்.

செல்லோவை இந்திய இசைக்குக் கொண்டுவந்தவர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. நெதர்லாந்தில் பிறந்த சாஸ்கியா ராவ்-டி ஹாஸ் ஹரிபிரசாத் சௌராசியாவிடம் இந்துஸ்தானி இசை பயின்றார். சௌராசியா புல்லாங்குழல் வித்வான். செல்லோ வில்லைப் பற்றி அவர் சொல்லித்தர ஒன்றுமில்லை. சொல்லித்தர வேண்டியதும் இல்லை, ஏனென்றால் சாஸ்கியா வரும்போதே முறையாகச் செல்லோ பயின்ற கையோடு வந்தார். ராகம் குழலிலிருந்து செல்லோவுக்குத் தாவியது. பின்னால் தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தோதாகக் கருவியையே சிறிதாக்கி, வாசிக்கும் தந்தி ஐந்தும் கூடவே ஒலிக்கும் தந்தி பத்துமாக மாற்றியமைக்கும் அளவுக்கு அந்தக் கை அவருக்கு உதவியது. நம் வீட்டுக் கதைக்கு வந்தால், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்தபோது ஓர் ஐரோப்பிய வயலின்காரரிடம் மூன்றாண்டு பயின்றார் என்கிறது அந்தக் குடும்ப வரலாறு. நம் வயலின்காரர்கள் தரையில் உட்கார்ந்து, கருவியின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, கமகத்துக்கு வழிவிட்டு வாசிக்கும் முறையை ஐரோப்பாவில் எந்த மேதையும் சொல்லித்தந்திருக்க முடியாது. அது இங்கே பிறந்தது. ஆனால் அது பிறந்தது வில் என்றால் என்னவென்று இன்னொரு கையிடமிருந்து மூன்றாண்டு வாங்கிக்கொண்ட பிறகு.

இங்கே ஏகலைவனைக் கூப்பிடாத தமிழர் இல்லை. மண்ணால் செய்த துரோணர் சிலை முன்னால் நின்று வில்வித்தை கற்றானே, திரையில் அசையும் ஆசிரியர் அந்தச் சிலையைவிட மேல் அல்லவா என்பார்கள். அம்பு விடுவதும் வில் இழுப்பதும் ஒன்றில்லை என்பதுதான் பதில். அம்பு இலக்கில் பட்டதா இல்லையா என்பது அடுத்த கணமே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. தவறினால் எத்தனை தூரம், எந்தப் பக்கம் என்பதும் தெரிகிறது. இலக்கே அவனுக்கு ஆசிரியர். செல்லோவில் தொடக்கக்காரருக்கு அப்படி ஒரு இலக்கு கிடையாது. ஒலி நன்றாக இல்லை என்பது தெரியலாம். ஏன் என்பது தெரியாது. கரகரப்பு அழுத்தம் கூடியதால் வந்ததா, வேகம் குறைந்ததால் வந்ததா, வில் பிரிட்ஜை விட்டு விலகிப் போனதால் வந்ததா? மூன்றுக்கும் ஒலி ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும். மருந்து வேறு வேறு. சுருதியை அளந்து பச்சை, சிவப்பு காட்டும் செயலிகள் வந்துவிட்டன என்பார்கள். அவை சுரம் தவறியதைச் சொல்லும். தோள்பட்டை தூக்கியிருந்ததால்தான் தவறியது என்று சொல்லா. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஏகலைவன் சிலையிடம் போனது அதுவே சிறந்த வழி என்பதற்காக அன்று. பிறப்பைக் காட்டித் துரோணர் அவனைத் திருப்பி அனுப்பியதால் போனான். ஓர் அநீதியின் கதையைத் தன்முயற்சியின் புகழ்ப்பாட்டாக மாற்றுவது அவனுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதி.

பாப்லோ கசால்ஸ் பெயரும் வரும். பார்சிலோனா நகர இசைப்பள்ளியில் சிறுவனாக இருந்தபோது, முழங்கை விலகாமலிருக்க அக்குளில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வில் இழுக்கச் சொன்ன பழைய முறையை உதறியவர் அவர். கையை விடுவித்து, இடதுகை விரல்களை விரித்து, செல்லோ வாசிப்பையே மாற்றினார். ‘பார்த்தீர்களா, ஆசிரியர் சொன்னதை மீறியவர்தான் மேதை ஆனார்’ என்கிறார்கள். மீறினார் என்பது உண்மை. ஆசிரியர் ஹோசே கார்சியாவிடம் அவர் பயின்றார் என்பதும் உண்மை. உதறுவதற்கும் ஒரு முறை முதலில் உடம்பில் இருக்க வேண்டும். இளையராஜாவையும் இப்படித்தான் காட்டுகிறார்கள். பண்ணைப்புரத்திலிருந்து கேள்வி ஞானத்தோடு வந்தவர் என்பது வரை சரி. சென்னைக்கு வந்ததும் தன்ராஜ் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தார் என்பதை ஏன் விட்டுவிடுகிறார்கள்? தானாக வந்ததையும் தேடிப் போய்ப் பெற்றதையும் அவர் கலந்துகொண்டார். அவருடைய பாடல்களில் நாம் கேட்டு உருகும் தந்திவாத்தியக் குழுவின் ஒலியோ முழுக்க முழுக்கப் பயிற்சி பெற்ற கைகளின் ஒலி. வி.எஸ். நரசிம்மனின் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட்டில் செல்லோ வாசிக்கும் வி.ஆர். சேகர் போன்றவர்களின் கைகள் அவை. தமிழ்நாட்டில் செல்லோ இல்லை என்பவர்கள் தங்களுக்குப் பிடித்த பாட்டுகளை இன்னொரு முறை கவனித்துக் கேட்கட்டும்.

குரு பக்தி உள்ளவர்களுக்கும் இங்கே ஒரு மறுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர்பெற்ற மேதையிடம் போனால்தான் கலை வரும் என்ற எண்ணம், திரை போதும் என்ற எண்ணத்தின் உடன்பிறப்பு. இரண்டுமே அன்றாட ஆசிரியரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகின்றன. செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு பிரே இதற்கு நல்ல சாட்சி. கசால்ஸின் வகுப்பில் அவர் வாசித்தார். பாரிஸில் டார்ட்டலியேயிடம் போனார். 1966இல் மாஸ்கோவில் ராஸ்ட்ரபோவிச்சிடம் பயின்றார். 20ஆம் நூற்றாண்டுச் செல்லோவின் பெரிய பெயர்கள் மூன்றும் அவருக்குக் கிடைத்தன. ஆனால் அவர் தம் ஆசிரியர் என்று எப்போதும் சொன்னது வில்லியம் ப்ளீத்தை. பத்து வயதிலிருந்து ஆண்டுக்கணக்கில் பாடம் நடத்திய ப்ளீத்துக்கு அந்த மூவரின் புகழில் ஒரு பங்குகூட இல்லை. மேதைகளிடம் போய் எடுத்துக்கொள்ளும் நிலைக்கு டு பிரேயைக் கொண்டுபோய் நிறுத்தியவர் அவர். பெரிய வித்வானை ஒரு நாள் அழைத்து வந்து மாணவர்களை மேடையில் வாசிக்க வைத்து, அறிவுரை சொல்லச் செய்து, பொன்னாடை போர்த்தி அனுப்பும் பட்டறைகளால் நுட்பம் வளராது. மேதையின் கை தானாகச் செய்வதை அவராலேயே பல நேரம் சொல்ல முடிவதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை மாணவர் அதே தவற்றைச் செய்யும்போது அவர் அங்கே இருப்பதும் இல்லை. அச்சில் உள்ள பாடமும் ஆசிரியருக்கு ஈடாகாது. டேவிட் பாப்பர் செல்லோவுக்கு எழுதிய 40 பயிற்சிகளை இன்று யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பாப்பர் புடாபெஸ்டில் அடால்ஃப் ஷிஃபருக்குச் சொல்லித்தந்தார். ஷிஃபர் யானோஸ் ஸ்டார்க்கருக்குச் சொல்லித்தந்தார். ஸ்டார்க்கர் 1958 முதல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பல தலைமுறைகளுக்குச் சொல்லித்தந்தார். நோட்டு அச்சில் கிடைத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் இந்தக் கைமாற்றம் தேவைப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

நேரலைப் பாடம் என்ற வாதம் இவற்றைவிட வலுவானது. பதிவு செய்த வீடியோ நம்மைப் பார்ப்பதில்லை. இணையவழி ஆசிரியர் பார்க்கிறாரே, திருத்துகிறாரே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க ஆசிரியர்கள் அப்படித்தான் பாடம் நடத்தினார்கள். ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஏற்க வேண்டும். பேச்சுக்காக உருவான செயலிகள் நீண்டு நிற்கும் ஒலியை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்குகின்றன. உரத்ததைக் குறைத்து மெல்லியதை ஏற்றிச் சமன் செய்கின்றன. வில்லில் மாணவர் கூட்டிக் குறைத்ததெல்லாம் ஒரே மட்டமாகப் போய்ச் சேர்கிறது. அந்த வசதிகளை அணைத்துவிட்டாலும், போனின் சின்ன ஒலிபெருக்கியால் விநாடிக்கு 65 அதிர்வுள்ள ஒலியை வெளியிட முடிவதில்லை. மேலே உள்ள துணையொலிகளைக் கேட்டுக் காது அடிச்சுரத்தைத் தானே கற்பனை செய்துகொள்கிறது. சுரம் எது என்று தெரியும். நாதம் எப்படி என்று தெரியாது. நாதம்தான் பாடமே. ஏற்கெனவே நேரில் பயின்ற மாணவருக்கு இரு நேர்வகுப்புகளுக்கு நடுவே இணையவகுப்பு பயன் தரும். முதல் ஆண்டு மாணவருக்கு அது போதாது.

இனி எல்லாவற்றிலும் கனமான எதிர்வாதம். தமிழ்நாட்டில் குருவிடம் போய்க் கற்றுக்கொள் என்று சொல்வது யாருக்கு எளிது? சாதி கேட்ட வீடுகள் இருந்தன. இன்ன குடும்பத்துக்குத்தான் இன்ன வாத்தியம் என்று வைத்திருந்தார்கள். பெண்ணுக்குச் சில கருவிகள் கூடாது என்றார்கள். குருகுலம் என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் எடுபிடி வேலை வாங்கியவர்கள் உண்டு. திரை இதில் எதையும் கேட்பதில்லை. சித்தேரி மலையில் இருக்கும் பிள்ளைக்கும் சென்னை மயிலாப்பூரில் இருக்கும் பிள்ளைக்கும் அது ஒரே பாடத்தைக் காட்டுகிறது. அப்படியிருக்க, திரை போதாது என்று சொல்வது மறுபடியும் பழைய வாசற்படிக்கே பிள்ளைகளை அனுப்புவதாகாதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கோபம் நியாயமானது. வாசல்கள் அடைபட்டிருந்தன என்பதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. அடைபட்ட வாசலுக்குப் பரிகாரம் வாசலைத் திறப்பது. வாசலின் படத்தைக் கொடுத்து இதுவும் வாசல்தான் என்பது பரிகாரம் ஆகாது. வசதியுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பெங்களூரிலும் சென்னையிலும் செல்லோ கற்கும் பிள்ளைகளின் வீட்டிலும் போன் இருக்கிறது. ஆனாலும் அவர்கள் ஆசிரியருக்குக் கட்டணம் கட்டுவதை நிறுத்தவில்லை. திரை நேர்வகுப்புக்கு ஈடானால் முதலில் நிறுத்தியிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். இல்லாதவர்களுக்கு மட்டும் திரையே போதும் என்று சொல்லப்படுவதில் உள்ள ஏற்றத்தாழ்வு பழைய ஏற்றத்தாழ்வின் தொடர்ச்சியே.

பொதுப்பணத்தாலும் பொதுநோக்காலும் வாசல் திறக்க முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. தமிழக அரசின் மாவட்ட இசைப்பள்ளிகள் 12 வயதிலிருந்து 25 வயது வரை யாரையும் சேர்த்துக்கொள்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் பயிற்சி. தர்மபுரிக்கு இரு பக்கமும், கிருஷ்ணகிரியிலும் சேலத்திலும், அப்படிப்பட்ட பள்ளிகள் உண்டு. ஒரு குடும்பத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்த வாத்தியங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது சிறிய காரியமன்று. அங்கே அது ஆசிரியரை நியமித்துச் செய்யப்பட்டதே தவிர, ஒலிநாடா கொடுத்துச் செய்யப்படவில்லை. சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா, வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் வியோலாவும் செல்லோவும் கட்டணமின்றிக் கற்றுத்தருகிறது. அதுவும் ஆசிரியர்களை வைத்துத்தான். 1975இல் வெனிசுவேலாவில் அப்ரேயு தொடங்கிய எல் சிஸ்டமா ஏழைக் குடியிருப்புகளுக்குள் இசைக்குழுக்களை உண்டாக்கியபோது, மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் வழக்கத்தையே தன் அச்சாணியாக வைத்துக்கொண்டது. அந்த மூத்த மாணவர் மேதையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் முன்னால் போனவராக இருந்தால் போதும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தர்மபுரிக்கு எட்டாத யோசனை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். சேலத்திலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகும் ரயில் பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. நாற்கரச் சாலையும் அப்படியே. மேற்கத்திய இசைப்பள்ளிகளும் செல்லோ ஆசிரியர்களும் உள்ள பெருநகரம் சில மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஒரு ஆசிரியர் வாரம் ஒரு நாள் வந்து போகும் செலவும், நான்கைந்து கருவிகளின் விலையும், பள்ளிகளில் பெரிய திரைகளை மாட்டுவதற்கு நாம் தயங்காமல் ஒதுக்கும் தொகைக்கு முன்னால் பெரிதல்ல. பிள்ளைகள் தனித்தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு கருவியை நான்கு பேர் முறைபோட்டு வாசிக்கலாம், முதல் ஆண்டில் ஒருவர் வாசிக்க மூவர் பார்த்திருப்பதும் பாடம்தான். கிருஷ்ணகிரி, சேலம் இசைப்பள்ளிகளில் வயலின் முடித்த இளைஞர்களில் விருப்பமுள்ளவர்களை அந்த வாராந்தர வகுப்பில் முதலில் உட்கார வைத்தால், வில் பழகிய அவர்கள் கை செல்லோவுக்கு மற்றவர்களைவிட விரைவில் திரும்பும். அடுத்த சில ஆண்டுகளில் மாவட்டத்துக்குள்ளேயே ஆசிரியர்கள் இருப்பார்கள். அதுவரை பிள்ளைகள் போனில் கசால்ஸையும் ராஸ்ட்ரபோவிச்சையும் கேட்டுக்கொண்டிருக்கட்டும், நிறையக் கேட்கட்டும். மாவட்ட நிர்வாகத்திடமும் கலை பண்பாட்டுத் துறையிடமும் நாம் கேட்க வேண்டியது இன்னொரு இணைய இணைப்பை அல்ல. வாரத்துக்கு ஒரு நாள் வந்து, முழங்கைக்குக் கீழே கையை வைத்துப் பார்க்க ஒரு ஆளைக் கேட்க வேண்டும்.